தொட்டியில் இரண்டு அலை, திரையில் ஒன்று: பஞ்சு எலும்பில் மீயொலி குறித்த ஒரு மாணவர் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் கடலோரத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் இருவர் செய்த திட்டம் இது. ஒருவர் தங்கச்சிமடத்தில் விசைப்படகு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். மற்றவர் தேவிபட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பெண். வழிகாட்டி ஒரு பேராசிரியை. நான் வெளியிலிருந்து ஆலோசனை சொல்லப் போனவன். இதே வகைத் திட்டத்தை எடுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பதைப் பார்ப்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எலும்பு மெலிவைக் கண்டுபிடிக்கக் குதிகாலில் மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) செலுத்திப் பார்க்கும் முறை 1984-இல் லாங்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது. 0.2 முதல் 0.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில், அதிர்வெண் ஏற ஏற ஒலி எவ்வளவு கூடுதலாக இழக்கப்படுகிறது என்று பார்ப்பார்கள். எலும்பு மெலிந்தால் அந்த ஏற்றம் குறையும். குதிகால் எலும்பின் உள்ளே பெரும்பகுதி பஞ்சு எலும்புதான்: தலைமுடி அளவிலிருந்து அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை தடிமனுள்ள இழைகளும் தகடுகளும், நடுவில் மஜ்ஜை நிறைந்த துளைகளும். கனஅளவில் முக்கால் பங்குக்கு மேல் துளைதான்.

இப்படிப்பட்ட பொருளில் ஒலி எப்படிப் போகும் என்பதற்கு மாரிஸ் பியோ 1956-இல் ஒரு கோட்பாடு தந்தார். எண்ணெய் வயல் பாறைகளை மனத்தில் வைத்து எழுதியது. திரவம் நிறைந்த துளைப் பொருளில் நெட்டலை (போகும் திசையிலேயே பொருளை முன்னும் பின்னும் அசைக்கும் அலை) இரண்டாகப் பிரியும்: திடச் சட்டமும் திரவமும் சேர்ந்து அசையும் வேக அலை ஒன்று, இரண்டும் எதிரெதிராக அசையும் மெது அலை ஒன்று. 1980-இல் பிளோனா ஒட்டவைத்த கண்ணாடி மணிகளில் மெது அலையைக் காட்டினார். 1997-இல் ஹோசோகாவாவும் ஓட்டானியும் மாட்டு எலும்பில் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். மாணவர்களின் இலக்கு சிறியது. அந்த இரண்டு அலைகளைத் தங்கள் தொட்டியில் பார்க்க வேண்டும், அதே எலும்பின் படத்தைக் கணினியில் கொடுத்துச் சிமுலேஷனிலும் பார்க்க வேண்டும்.

மாதிரியைத் தேர்ந்த விதம்

முதலில் கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளை எடுக்கலாம் என்று யோசித்தார்கள். துளை உண்டு, காசும் வேண்டாம். பேராசிரியை அங்கேயே நிறுத்திவிட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த பவளமானாலும் பையில் போட்டுக்கொண்டு வர முடியாது. அதன் சுண்ணாம்புக் கட்டமைப்பு எலும்பின் வேகத்தைக் கொடுக்காது என்பது இரண்டாவது காரணம்.

கீழக்கரையில் ஒரு கறிக்கடையில் மாட்டுத் தொடையெலும்பு கிடைத்தது. முழங்கால் பக்க முனையை 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு அறுத்தார்கள். அந்த இடத்தில் இழைகள் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும். வேக அலை தெளிவாகத் தெரிய அதுதான் தோது. மஜ்ஜையை எடுக்கக் கொதிக்க வைக்கவில்லை. நெடுநேரம் கொதித்தால் கொலாஜன் கெடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பைக் கழுவும் வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாயால் பீய்ச்சி எடுத்தார்கள். ஆய்வகத்தில் அடித்த நாற்றத்தைப் பற்றிப் பக்கத்துத் துறையினர் இன்னும் பேசுகிறார்கள்.

தொட்டியில் கண்டது

வெல்டிங் சோதனைக்கு வாங்கிய பழைய கருவியும், மீயொலியை அனுப்பவும் வாங்கவும் நீருக்குள் வைக்கக்கூடிய 1 மெகாஹெர்ட்ஸ் புரோப் இரண்டும் துறையில் இருந்தன. எதிரெதிரே வைத்து, நடுவில் எலும்பை நிறுத்தி, ஆசிலாஸ்கோப்பில் பார்த்தார்கள்.

முதல் சிக்கல் தண்ணீர். தொட்டியை நிரப்பியது கல்லூரி போர் தண்ணீர், உப்புக் கரித்தது. பாடநூலில் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1482 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது 20 டிகிரியில் உள்ள தூய நீருக்கு. 30 டிகிரியில் தூய நீரே 1509-க்குப் போய்விடும், உப்பு சேர்ந்தால் இன்னும் ஏறும். நம் பக்கத்து ஆய்வகத்தில் 20 டிகிரி எந்த மாதத்தில் இருக்கிறது? எலும்பில்லாமல் ஒருமுறை ஒலியை அனுப்பி, புரோப்களின் இடைவெளியை நேரத்தால் வகுத்து, தங்கள் தண்ணீரின் வேகத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அளவீட்டுக்கு முன்பும் இதைச் செய்தது நல்ல பழக்கம்.

இரண்டாவது சிக்கல் புரியக் கொஞ்சம் நாளாயிற்று. எலும்பை வைத்ததும் அலை மிகவும் பலவீனமாக வந்தது. காலையில் ஒரு உயரம், சாயங்காலம் வேறு உயரம். புரோப்பை மாற்றினார்கள், பச்சை பூத்திருந்த கனெக்டரைத் தேய்த்தார்கள், மாற்றமில்லை. காற்று எச்சரிக்கையால் படகு கடலுக்குப் போகாத ஒரு நாளில் பையன் இதை வீட்டில் சொல்லியிருக்கிறான். அப்பா சாதாரணமாகக் கேட்டாராம்: "தண்ணிக்குள்ள நுரை இருக்காப்பா? ரிவர்ஸ் எடுக்கையில புரொப்பல்லர் நுரை அடியில வந்துட்டா எக்கோ சவுண்டர்ல ஒண்ணுமே தெரியாது."

ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் பார்க்கும் படகுக் கருவியைத்தான் சொன்னார். அதுதான் விஷயம். துளைகளுக்குள் சிக்கிய காற்றுக் குமிழி ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும், நேரம் போகப் போகக் குமிழிகள் இடம் மாறும். ஏசி மெக்கானிக் ஒருவரிடம் வேக்யூம் பம்ப் இரவல் வாங்கி, கொதித்து ஆறிய தண்ணீரில் எலும்பை மூழ்கடித்து, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் காற்றை உறிஞ்சினார்கள். எலும்பிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறி, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றன. அதன்பின் தொட்டியில் வைத்தபோது அலை உயர்ந்து நிலையாக நின்றது. இழைகளின் திசையில் அனுப்பினால் முதலில் சிறிய அலை, பின்னால் பெரிய அலை, இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. இழைகளுக்குக் குறுக்கே திருப்பினால் ஒன்றுதான்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 10 மில்லிமீட்டரைக் கடக்க நீரில் ஏறக்குறைய 6.6 மைக்ரோவினாடி ஆகும். நொடிக்கு 2400 மீட்டர் வேகமுள்ள அலைக்கு 4.2 போதும். 1 மெகாஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு 1 மைக்ரோவினாடி. ஆகவே துடிப்பு குட்டையாக இருந்தால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். நீளமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

முதல் சிமுலேஷனும் காணாமல் போன அலையும்

தனியாக வைத்திருந்த இன்னொரு துண்டின் அறுத்த முகத்தை மேசை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தார்கள். ஒரு பிக்சல் சுமார் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). வெள்ளை எலும்பு, கறுப்பு நீர் என்று பிரித்து, இலவசமாகக் கிடைக்கும் சிம்சோனிக் மென்பொருளில் இருபரிமாணத்தில் ஓட்டினார்கள். இடத்தைக் கட்டங்களாகவும் காலத்தைச் சிறு படிகளாகவும் வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் திசைவேகத்தையும் தகைவையும் (பொருளுக்குள் பரப்பளவுக்கு இவ்வளவு என்று எழும் விசை) மாறி மாறிக் கணக்கிடும் முறை இது. எலும்புப் பொருளுக்கு அடர்த்தி கனமீட்டருக்கு 1850 கிலோ, நெட்டலை வேகம் நொடிக்கு 4000 மீட்டர், குறுக்கலை (போகும் திசைக்குக் குறுக்காகப் பொருளை அசைக்கும் அலை) வேகம் 1800 என்று கொடுத்தார்கள். இத்துறையில் வழக்கமான எண்கள்தான்.

திரையில் அழகான படம் வந்தது. அலைமுகப்பு இழைகளில் மோதிச் சிதறி, வளைந்து போவதெல்லாம் தெரிந்தது. ஆனால் மறுமுனையில் வந்தது ஒரே ஓர் அலை. அதற்கு முன்னால், வேக அலை இருக்க வேண்டிய இடத்தில், அலை என்று சொல்ல முடியாத ஒரு மெல்லிய நடுக்கம்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோரும் செய்வது எண்ணைத் திருகுவது. இவர்களும் அதைத்தான் முதலில் நினைத்தார்கள்: எலும்பின் விறைப்பைக் கூட்டினால் அலை முன்னால் வந்துவிடும், தொட்டியோடு பொருந்திவிடும். பேராசிரியை திருகச் சொன்னார், ஆனால் வேறு நோக்கத்துக்கு. பொருத்துவதற்காக வேண்டாம், எது நகர்கிறது என்று பார்ப்பதற்காக விறைப்பை இரட்டிப்பாக்குங்கள் என்றார். இந்தத் திட்டத்திலேயே சிறந்த முடிவு அதுதான் என்பது என் எண்ணம். ஒலி உண்மையிலேயே எலும்பு வழியாக ஓடினால், விறைப்பு இரண்டு மடங்கானதும் வேகம் கிட்டத்தட்ட 1.4 மடங்காகி முதல் வருகை தெளிவாக முந்தும். எலும்பைச் சுற்றி நீர் வழியாக வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

ஓட்டினார்கள். எண்கள் வெடித்துத் திரை முழுக்கக் குப்பையாயிற்று. விறைப்பை மாற்றிய பெண் காலப்படியைக் குறைக்கவில்லை. கட்டத்தின் அகலத்தை, மிக வேகமான அலை வேகத்தாலும் பரிமாண எண்ணின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் வருவதைவிடப் படி சிறியதாக இருக்க வேண்டும். வேகம் ஏறினால் படி சுருங்க வேண்டும். சரி செய்து மறுபடி ஓட்டினால், முதல் வருகை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது.

காரணம் தெரிந்த விதம்

ஒலி எலும்பில் ஓடவே இல்லை என்றால் எலும்புக்கு என்ன ஆயிற்று? ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிக்சல்களை ஒரு குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு நிறம் கொடுக்கும் சிறு நிரலை அந்தப் பெண் எழுதினார். படம் நூற்றுக்கணக்கான நிறங்களாகச் சிதறியது. நீளமான கோடுகள் இருந்தன, ஆனால் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் ஒவ்வொன்றும் முறிந்து, அடுத்த நிறம் தொடங்கியது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நிறத்தில் போகும் பாதை ஒன்றுகூட இல்லை.

குவித்துப் போட்ட வலையைக் கத்தியால் குறுக்கே வெட்டி வெட்டுவாயைப் பார்த்தால், நூல் முனைகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். இருபரிமாணச் சிமுலேஷன் அந்தப் புள்ளிகளையே எலும்பு என்று எடுத்துக்கொண்டது. நிஜ எலும்பில் இழை தளத்தை விட்டு மேலேயோ கீழேயோ போய் அடுத்த இழையோடு சேர்ந்துவிடுகிறது. படத்தில் அது அந்தரத்தில் முடிகிறது.

இது அந்த ஒரு துண்டின் குறையல்ல, வேறு முகத்தை ஸ்கேன் செய்தாலும் மாறாது. ஒரு தாளில் எலும்பு இடமிருந்து வலமாக அறுபடாமல் ஓடினால், மேலிருந்து கீழாக நீர் அறுபட்டே தீரும். இரண்டும் ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலும் அறுபடாமல் ஓட முப்பரிமாணம் தேவை. பியோவின் இரண்டு அலைகளும் கேட்பது அதைத்தான்: தொடர்ச்சியான சட்டம், தொடர்ச்சியான திரவம். இருபரிமாணச் சிமுலேஷன் வேறு பல கேள்விகளுக்கு நன்றாகப் பயன்படும். நீள எலும்பின் கெட்டியான சுவரில் ஒலி ஓடுவதற்கு அது தாராளமாகப் போதும். பஞ்சு எலும்பின் வேக அலைக்கு ஆகாது.

முப்பரிமாணத்துக்குப் போன முடிவு

இதற்கு மாணவர்கள் தயங்கியதற்கு இரண்டு காரணம்: கணினி தாங்குமா, முப்பரிமாணப் படத்துக்கு எங்கே போவது.

முதலாவதைக் கணக்குப் போட்டே தீர்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று திசைவேகம், ஆறு தகைவு, ஆக ஒன்பது எண். எண்ணுக்கு 4 பைட். 8 × 8 × 10 மில்லிமீட்டர் துண்டை 20 மைக்ரான் கட்டங்களாக வெட்டினால் 8 கோடி கட்டம், கிட்டத்தட்ட 3 ஜிபி நினைவகம். 60 மைக்ரான் என்றால் 30 லட்சம் கட்டம், 110 எம்பிகூட வராது. கட்டத்தின் எண்ணிக்கை 27 மடங்கு குறைகிறது, காலப்படி மூன்று மடங்கு பெரிதாகிறது, மொத்த வேலை 81 மடங்கு சுருங்குகிறது. துறையின் சாதாரணக் கணினியே போதும். விலை என்னவென்றால், 180 மைக்ரான் இழைக்கு மூன்று கட்டம்தான் கிடைக்கும். அலைநீளத்தை வைத்துப் பார்த்தால் தாராளம். நீரில் 1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.5 மில்லிமீட்டர். எலும்பின் உருவத்துக்குத்தான் விளிம்பில் நிற்கும் அளவு.

படத்துக்கு முதலில் மருத்துவமனை சிடி ஸ்கேனைக் கேட்டார்கள். அதன் அடுக்கே அரை மில்லிமீட்டருக்கு மேல், இழை கரைந்துபோகும். சில மைக்ரான் வரை நுணுக்கமாகப் படமெடுக்கும் மைக்ரோ சிடி பெரிய ஊர்களில்தான், முறை வரக் காத்திருக்க வேண்டும். அப்போது ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன வழி வேலைக்கு ஆயிற்று: எலும்பைக் கறுப்பு ரெசினில் வார்த்து, மில்லிங் மெஷினில் 0.1 மில்லிமீட்டர் சீவ வேண்டும், முகத்தை ஸ்கேன் செய்ய வேண்டும், மறுபடி சீவ வேண்டும்.

இதில் வரிசை முக்கியம். சீவினால் எலும்பு போய்விடும். ஆகவே தொட்டி அளவீடு அனைத்தையும் முடித்து, உலர்த்தி எடைபோட்டு, அதன்பிறகே ரெசின். உலர் எடையை எலும்புப் பொருளின் அடர்த்தியால் வகுத்தால் கெட்டிப் பகுதியின் கனஅளவு கிடைக்கும். இந்த எண்தான் பின்னால் காப்பாற்றியது.

ரெசினும் கறுப்பு நிறமியும் ஃபைபர் படகு ரிப்பேர் செய்யும் இடத்தில் கிடைத்தன. அங்கே தாள் தாளாகப் பூசும் கணக்கில், ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஊற்றுவார்கள். அதே அளவைக் கட்டியாக வார்த்ததில் போட்டதால் முதல் கட்டி சூடேறி வெடித்துப் பிளந்தது. நல்லவேளை, உள்ளே இருந்தது ஒத்திகைத் துண்டு. கேட்டலிஸ்டைக் குறைத்து, அடுக்கடுக்காக வார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் வேக்யூமில் வைத்தார்கள். கட்டியின் மூலைகளில் செங்குத்தாக இரண்டு துளை போட்டு வெள்ளைப் பசை நிரப்பியது இன்ஸ்ட்ரக்டரின் யோசனை. அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளை வைத்துத்தான் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்க முடிந்தது.

எந்தச் சாம்பல் நிறத்துக்கு மேல் எலும்பு என்று வெட்டுவது? கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அளவில் வெட்டினால் மெல்லிய இணைப்புகள் அறுந்தன. கொஞ்சம் தளர்த்தினால் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொண்டன. கெட்டிப் பகுதி எடையிலிருந்து கிடைத்த பங்குக்குச் சமமாகும் வரை அளவை நகர்த்தி, அங்கே நிறுத்தினார்கள். அப்புறம் நிறம் கொடுக்கும் நிரலை அடுக்கு முழுவதற்கும் ஓட்டினார்கள். சில துணுக்குகள் தவிர மொத்த எலும்பும் ஒரே நிறம்.

நிகழ்ந்தது

இழைகளின் திசையில் முப்பரிமாணச் சிமுலேஷன் இரண்டு அலைகளைக் காட்டியது. குறுக்கே திருப்பினால் ஒன்று, தொட்டியில் கண்டது போலவே. வேக அலையின் வருகை தொட்டி அளவோடு நன்றாக ஒத்துப்போனது. விறைப்பை இரட்டிப்பாக்கும் சோதனையை மறுபடி செய்தபோது இம்முறை முதல் வருகை தெளிவாக முந்தியது. வெட்டும் அளவைச் சற்று இறுக்கி இணைப்புகளை அறுத்துப் பார்த்தபோது வேக அலை தேய்ந்து மங்கியது. காரணத்தை உறுதிசெய்தவை இந்த இரண்டும்தான். வருகை நேரம் பொருந்தியது மட்டும் இருந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒலி இழப்பு பொருந்தவில்லை. சிமுலேஷனில் அலைகள் தொட்டியில் வந்ததைவிடப் பெரிதாகவே வந்தன. எலும்பும் நீரும் ஒலியை உள்ளுக்குள் உறிஞ்சுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சிதறலும் அலை வகை மாற்றமும் (நெட்டலை குறுக்கலையாக மாறுவது போன்றது) மட்டுமே அதில் உண்டு. தொட்டி எலும்பில் மீந்த குமிழிகளுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். வாய்மொழித் தேர்வில் வந்த பரிசோதகர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். உறிஞ்சலுக்கு ஓர் எண்ணைப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாமே என்றும் கேட்டார். அந்த எண்ணை அளக்க எங்களிடம் வழியில்லை மேடம், அதனால் போடவில்லை என்றார் அந்தப் பெண். மதிப்பெண் குறைந்ததா என்று தெரியாது, பதில் சரியானது.

குதிகால் ஸ்கேன் முகாம்களின் எண்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அவை பயன்படுத்தும் அதிர்வெண் குறைவு, மனிதக் குதிகாலின் இழைகள் மாட்டுத் தொடையெலும்பைவிட மெலிந்தவை, உள்ளே இருப்பது நீரல்ல, மஜ்ஜை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

நிறம் கொடுக்கும் நிரலை முதல் நாளே ஓட்ட வேண்டும். சில வரி நிரல். சிமுலேஷனைத் தொடங்குவதற்கு முன்பே இந்தப் படத்தில் பாதை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். இருபரிமாணத்தில் செலவான வாரங்களில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

சீவும் தடிமன் 0.1 மில்லிமீட்டர், சிமுலேஷன் கட்டம் 60 மைக்ரான். இடையில் உள்ளதை ஊகித்து நிரப்பினார்கள். அந்த ஒரு திசையில் மட்டும் இழைகள் சற்று வழுவழுப்பாகிவிட்டன. மெஷினின் டயலில் 0.01 மில்லிமீட்டர் கோடு இருக்கிறது, 0.06 சீவியிருக்கலாம், இன்ஸ்ட்ரக்டரின் நேரத்தைத்தான் கேட்க வேண்டும்.

உறிஞ்சலை அளக்க, துளையில்லாத கெட்டி எலும்புத் தகட்டை அதே தொட்டியில் வெவ்வேறு தடிமனில் வைத்துப் பார்ப்பது ஒரு வழி. அடுத்த அணியினர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தகட்டுக்கான எலும்பை அதே கறிக்கடையில் சொல்லி வைத்திருக்கிறார்கள், இம்முறை தண்டுப் பகுதி.